மூத்த மருமகளின் சுரோஸ்

தண்ணீர் கொதித்துவிட்டது, வெண்ணெய் இன்னும் முழுதாகக் கரையவில்லை. முதலில் வெண்ணெயா, சர்க்கரையா, இரண்டையும் சேர்த்தே போடச் சொன்னாளா அந்த யூடியூப் பெண், சுகந்திக்குச் சுத்தமாக நினைவில்லை. காலையில் போனைப் பாத்ரூமுக்குள் எடுத்துப் போய், சத்தத்தைக் குறைத்து வைத்து, அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள்தான். சொந்த வீட்டில் சொந்த அடுப்பில் ஒரு பலகாரம் பண்ணுவதற்குப் பாத்ரூமுக்குள் ஒளிந்து பாடம் படித்தவள் இந்தக் கோயமுத்தூரிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அப்போதே நினைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது? பண்ணச் சொன்ன மாமியார் நாச்சம்மாள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதில் விழுந்தால் கேட்கமாட்டாளா, போன மாசம் நீயேதான பண்ணுனே, அதுக்குள்ள மறந்துபோச்சா என்று? போன மாசம் நீயேதான பண்ணுனே. இந்த இடத்துக்கு வந்ததும் சுகந்தியின் நினைப்பு இடறி நின்றுவிடும். நாலு அடி பின்னால் போய், வேறு வழியாகச் சுற்றிவந்து, மறுபடி அதே இடத்தில் இடறும். பண்ணினது அவள் இல்லை. மகள் இனியாவின் பிறந்த நாளுக்குச் சுரோஸ் என்கிற, எண்ணெயில் பொரிக்கிற அந்த வெளிநாட்டுப் பலகாரத்தைப் பண்ணி டப்பாவில் எடுத்து வந்தது பியூலா, கொழுந்தன் தினகரனின் பெண்டாட்டி, சுகந்திக்கு ஓரகத்தி. அதைத் தான் பண்ணினதாகச் சொல்லிக்கொண்டது சுகந்தி. இந்த உலகத்தில் இது தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் ஏன் இப்படி ஊரே முதுகைப் பார்க்கிற மாதிரி கூசுகிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

வெண்ணெய் கரைந்தது. மைதாவை ஒரே கொட்டாகக் கொட்டினாள். கை தானாகக் கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறுகிற கையாகி, கரண்டிக் காம்பால் அடியோடு சுழற்றியது. மாவு திரண்டு பாத்திரத்தை விட்டு ஒட்டாமல் வந்ததும் மனசுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு மேல்மாவு கிளறத் தெரிந்தவளுக்கு இது வராமல் போய்விடுமா? என்னமோ வெளிநாட்டுப் பலகாரம் என்று பயந்தது வீண். முட்டை உண்டா இதில்? சில பேர் முட்டை போடுகிறார்கள், சில பேர் போடுவதில்லை என்று வீடியோவில் சொன்னாள். பியூலா போடவில்லை. அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பியூலா சொன்ன முதல் வார்த்தை அதுதான். "முட்டை போடலீங்க்கா. அத்தையும் சாப்பிடலாம்." அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷம்! பரீட்சையில் கஷ்டமான கணக்கொன்றைப் போட்டு முடித்த பிள்ளையின் முகம். இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறவள், கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்த வீட்டுக் கணக்கு அவளுக்குப் பிடிபடவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் கேக் கொண்டுவந்தபோது நாச்சம்மாள் மூக்கைச் சுளித்து, "முட்டை நாத்தம் எனக்கு ஆவறதில்ல சாமி" என்றாள். அதைப் பியூலா அப்படியே நம்பினாள். கார்த்திகை, சஷ்டி தவிர மற்ற நாளெல்லாம் காலையில் அவித்த முட்டையை மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுகிறவள் நாச்சம்மாள் என்பது பியூலாவுக்கு யார் சொல்வது? சுகந்தி சொல்லவில்லை. அவள்தான் தினம் முட்டை அவிக்கிறவள், அவள் சொல்லவில்லை. பியூலா அந்த முட்டை நாற்றத்தை ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்து, முட்டையில்லாத ஒன்றைத் தேடிப் பிடித்துப் பண்ணிக் கொண்டுவந்தாள். நினைத்தாலே சுகந்திக்குக் காது மடல் சூடாகிறது. அடுப்புச் சூடு என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்க யாருமில்லாதபோதுகூட அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

இந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதுதான் இந்த வீட்டின் சாமர்த்தியம். தினகரன் கல்யாணத்தின்போதுகூட யாரும் சாதி என்ற சொல்லை எடுக்கவில்லை. நாச்சம்மாள் மண்டபத்தில் முன்வரிசையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள், பொண்ணு நல்லாப் படிச்ச பொண்ணு என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதன்பின் இந்த நாலு வருஷமாகத் தினகரன் வீட்டுக்குப் போனால் அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பல்வலி. இல்லாவிட்டால் இப்போதுதான் காப்பி குடித்தேன், வயிறு மந்தமாக இருக்குது, வெளித் தண்ணி ஒத்துக்கறதில்லை. காரில் தன் தண்ணீர் பாட்டில் இருக்கும். பியூலா பாயசம் ஊற்றினால் டம்ளர் கையில் இருக்கும், பேச்சு நடக்கும், கிளம்பும்போது டம்ளர் நிறையவே மேஜைமேல் இருக்கும். நல்லசிவம், சுகந்தியின் வீட்டுக்காரன், ஜன்னல் பக்கம் பார்ப்பான். தினகரன் போனைப் பார்ப்பான். சுகந்தி எழுந்துபோய் அந்த டம்ளரை யார் கண்ணிலும் படாமல் சிங்க்கில் ஊற்றிக் கழுவி வைப்பாள். உதவி என்றுதான் நினைத்தாள். பியூலா பார்த்து வருத்தப்படக் கூடாது என்று. பியூலா ஒருநாள் அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படியே திரும்பிப் போனாள். மாவு ஆறிவிட்டதா? தொட்டால் இன்னும் சுட்டது. ஆற வேண்டும், ஆனால் ரொம்ப ஆறக் கூடாது. இப்படிச் சொன்னால் எதைப் புரிந்துகொள்வது?

அந்தச் சாயங்காலம். கேக் வெட்டியாயிற்று, பிள்ளைகள் பலூனை உடைத்துக்கொண்டிருந்தார்கள், டைனிங் டேபிளில் பியூலாவின் டப்பா திறந்திருந்தது. பொன் நிறத்தில் விரல் நீளத்துக்கு, மேலெல்லாம் வரிவரியாக, பட்டைப் பொடி கலந்த சர்க்கரை ஒட்டிக்கொண்டு. நாச்சம்மாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதென்ன அம்மிணி, முறுக்காட்ட இருக்குது, சுத்தாம உட்டுட்டாங்க?" பக்கத்தில் அவளுடைய சித்தி மகள் இருந்தாள், இன்னும் இரண்டு சொந்தக்காரப் பெண்கள். "நீ பண்ணுனதா?" என்றாள் நாச்சம்மாள். எட்டி நின்று பிள்ளைகளுக்கு ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள் பியூலா. சுகந்தி, "ஆமாங்கத்தை" என்றாள். அவ்வளவுதான். யோசித்துச் சொன்னதா? யோசித்ததாகத்தான் அன்று ராத்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு தடவையாவது அந்தப் பெண்ணின் கைப் பலகாரம் இந்தக் கிழவியின் வாய்க்குள் போகட்டும், தின்று பார்க்கட்டும், அப்புறம் ஒருநாள் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நல்லெண்ணத்தில் சொன்னேன். இப்படிப் பூசி மெழுகி வைத்தது ஒரு வாரம் நின்றது. பிறகு காரை பெயர ஆரம்பித்தது. நல்லெண்ணத்தில் சொன்னவள் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்க வேண்டாமா? நாச்சம்மாள் கண்ணை மூடி மென்றாள், இன்னொன்று எடுத்தாள், அப்புறம் இன்னொன்று. "என்ற மூத்த மருமக கையே கை. அவ எதைத் தொட்டாலும் ருசி" என்று சித்தி மகளிடம் சொன்னாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அந்தம்மா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. சித்தி மகள் எப்படிப் பண்ணினாய் என்று கேட்டாள். சுகந்தி சொன்னாள்! மாவைப் பாலில் பிசைந்தேன், கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டேன், மிதமான தீயில் நின்று நிதானமாக எடுத்தேன். பாலும் இல்லை, ஏலக்காயும் இல்லை, நிதானமும் இல்லை. வாய் அதுபாட்டுக்கு அளந்துகொண்டே போனது. அந்த நேரம் அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பதுதான் இப்போது நினைக்க நினைக்க உடம்பைக் கூசவைக்கிறது. பொய் சொன்னதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். அந்த ஏலக்காயை மன்னித்துக்கொள்ள முடியவில்லை. அப்போது பியூலா ஜூஸ் ஜக்கோடு திரும்பினாள். எல்லாம் கேட்டிருந்தது அவளுக்கு. சிரித்துக்கொண்டு, "ஆமாங்கத்தை, அக்கா நல்லாப் பண்ணுவாங்க" என்றாள். குத்தலாகச் சொன்னாளா என்று சுகந்தி அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டாள். குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், ஒரு மாதிரி ஈடுகட்டின மாதிரி ஆகியிருக்கும்.

எண்ணெய் காய்ந்துவிட்டது. ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டாள், மேலே எழும்பி வந்தது. முறுக்கு அச்சை எடுத்தாள். நட்சத்திர வில்லையைக் காணோம். தேன்குழல் வில்லை, ஓலை பக்கோடா வில்லை, இடியாப்ப வில்லை எல்லாம் இருந்தது, நட்சத்திரம் மட்டும் இல்லை. தீபாவளிக்கு முள்ளு முறுக்கு பிழிந்து கழுவிக் காயவைத்தது எங்கே போயிருக்கும்? சரி, முறுக்கு என்றால் முறுக்கு, ஓட்டை எப்படி இருந்தால் என்ன என்று ஒற்றை ஓட்டை வட்ட வில்லையைப் போட்டு முடுக்கினாள். பழக்க தோஷத்தில் கை ஒரு சிட்டிகை ஓமத்தை எடுத்து மாவில் போடப் போனதை நல்லவேளையாகக் கண்டுபிடித்துத் திரும்ப டப்பாவில் போட்டாள். முதலாவதைப் பிழிந்து எண்ணெயில் விட்டபோது வழக்கம்போல உதடு பிள்ளையாரப்பா என்றது. முதல் ஈடு எடுத்ததும் ஒன்றை அடுப்போரம் பிள்ளையாருக்கு வைப்பாள், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. எந்தப் பலகாரமானாலும் சரி. அன்றைக்குப் பியூலா தன் வீட்டில் யாரை நினைத்து முதலாவதை எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நிற்கையில், வாணலிக்குள் டப் என்றது. வழுவழுவென்று கிடந்தது ஒன்று நடுவில் வெடித்து, மாவு பிதுங்கி, எண்ணெய் எகிறி மணிக்கட்டில் தெறித்தது. அடுத்து இன்னொன்று. அவள் தீயைக் குறைத்துவிட்டு எட்டி நின்றாள். "என்ன அம்மிணி அங்க, பட்டாசு வெடிக்கறயா?" என்று ஹாலிலிருந்து நாச்சம்மாள் சிரித்தாள். "ஒண்ணுமில்லீங்கத்தை, கொஞ்சம் ஈரம்" என்றாள் சுகந்தி. அந்த வரிகள் அழகுக்கு இல்லை போலிருக்கிறது. வரி இருந்தால்தான் உள்ளே இருக்கிற சூடு வெளியே வரும். வெளியில் வழுவழுவென்று இருந்தால் உள்ளுக்குள் பொங்கி இப்படித்தான் வெடிக்கும் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். மணிக்கட்டைக் குழாயடியில் காட்டிக்கொண்டே இடது கையால் பியூலாவின் நம்பரை அழுத்தினாள். ஒரு மணி அடித்ததும் பயந்து கட் பண்ணினாள். என்ன என்று கேட்பது? நான் பண்ணினதை எப்படிப் பண்ணினாய் என்றா?

பியூலா உடனே கூப்பிட்டாள். "அக்கா, கூப்பிட்டீங்களா?" குரல் எப்போதும் போல. சுகந்தி, "இல்ல பியூலா, கை பட்டுருச்சு" என்றாள். "என்னங்க்கா சத்தம், எண்ணெயா? உளுந்தவடையா?" சுகந்தி, "ஆமா, வடை" என்றாள். "சரிங்க்கா, நான் சீக்கிரமே வரேன், ஏதாச்சும் வேலை இருந்தா வெச்சிருங்க. அவரு மாமா கூட கார்ல போயிட்டாரு, நான் ஆட்டோல வந்தர்றேன்." போனை வைத்துவிட்டுச் சுகந்தி வெடித்துக் கிடந்தவற்றைப் பார்த்தாள். வடையாம். அன்றைக்கு எதற்கு ஒரு பொய், இன்றைக்கு எதற்கு இன்னொன்று, கணக்கே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. நல்லசிவமும் தினகரனும் இனியாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார்கள், உடுமலையிலிருந்து வருகிற நாச்சம்மாளின் அண்ணனைக் கூட்டி வர. அவர் வந்து உட்கார்ந்ததும் நாச்சம்மாள் தட்டை நீட்டி என்ற மூத்த மருமக பண்ணுனது என்பாள். பியூலா எதிரில் இருப்பாள். இந்த முறை ஒன்று நன்றாக வந்தால் சுகந்தி உண்மையிலேயே பண்ணினவள் ஆகிவிடுவாள், பழைய பொய்யும் எப்படியோ உண்மையாகிவிடும். அப்படி ஒரு நப்பாசை அவளுக்குள் காலையிலிருந்தே இருந்தது. அதனால்தான் இத்தனை பாடு. வரவில்லையென்றால்? வரவில்லையென்றால் சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லிவிட்டால் நாச்சம்மாள் என்ன செய்வாள்? தொண்டைக்குள் விரல்விட்டு வாந்தியெடுப்பாளா, ஒரு மாசம் கழித்தா? இல்லை, அந்த வார்த்தையைச் சொல்வாளா, நாலு வருஷமாக யாரும் சொல்லாத வார்த்தையை, பியூலாவின் முகத்துக்கு நேரே? அதை நினைத்ததும் சுகந்தி மறுபடி வில்லையைத் தேடத் தொடங்கினாள்.

நட்சத்திர வில்லை மிக்ஸியின் பின்னால் கிடைத்தது. அதைத் தேடப் போனபோதுதான் மேல் பரணில், பழைய குக்கருக்குப் பின்னால், பியூலாவின் டப்பாவின் நீல மூடி தெரிந்தது. ஒரு மாசமாக அங்கேதான் இருக்கிறது. வந்த டப்பாவை வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். என்ன போட்டுக் கொடுப்பது என்று சுகந்தி அன்றே யோசித்தாள். எதைப் போட்டாலும் கையில் வாங்கும்போது பியூலா இவள் முகத்தைப் பார்ப்பாள். அதற்கு இது பரணிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள். பியூலாவும் கேட்கவில்லை. டப்பா நினைவு வந்தால் கூடவே இன்னொன்றும் வரும், வரவேண்டாம் என்று தள்ளத் தள்ள வரும். பிறந்த நாள் முடிந்து எல்லோரும் போனபின் அந்த டப்பாவைக் கழுவினாள் சுகந்தி. சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் நிமிர்த்தி மறுபடி கழுவினாள். ஏன் மறுபடி? எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய்ப் பிசுக்கா? எதிர்வீட்டு அம்மா கொடுத்த அதிரச டப்பாவில் எண்ணெய் வழிந்தது, அதை ஒரு தடவைதான் கழுவினாள். தான் மாமியார் மாதிரி இல்லை, தான் பியூலா வீட்டில் பிரியாணி தின்றவள், அவள் டம்ளரில் தண்ணீர் குடித்தவள் என்று இத்தனை நாள் வைத்திருந்த நினைப்பு அந்தச் சிங்க்கின் முன் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. முதல் தடவை அந்தப் பிரியாணியைத் தின்றபோதும் நாக்கு எதையோ தேடியது, உப்பையும் காரத்தையும் இல்லை, வேறு எதையோ. கிடைக்கவில்லை. தேடினது நிஜம். இதை யாரிடம் சொல்வாள்? நல்லசிவத்திடம் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பான். அவமானத்தை யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் பாதியாகும் என்கிறார்கள், இதைச் சொன்னால் இரண்டு மடங்காகத்தான் ஆகும் போலிருந்தது.

நட்சத்திர வில்லையில் பிழிந்தது வெடிக்கவில்லை. ஆனால் மாவு ஆறிப்போய்விட்டது, அச்சை முடுக்கத் தோள்பட்டை இற்றுப்போனது, வந்ததும் கட்டை கட்டையாக வந்தது. கை பழக்கத்தில் இரண்டு தடவை முறுக்காகவே சுற்றிவிட்டது. மேலே சிவந்தது, பிட்டால் உள்ளே பச்சை மாவு. தீயைக் குறைத்து வெகுநேரம் விட்டால் எண்ணெய் குடித்துத் தொய்ந்தது. சர்க்கரையில் புரட்டினாள், பட்டை வாசம் வந்தது. வாசம் மட்டும் அதேதான். கதவு மணி அடித்தது. போய்த் திறக்கும்போது கையெல்லாம் சர்க்கரை. பியூலா நின்றாள், நெற்றியில் வேர்வை, கையில் துணிப்பை. ஹாலைத் தாண்டி நாச்சம்மாளுக்கு, "நல்லா இருக்கீங்களாங்கத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நேரே அடுக்களைக்குள் வந்தாள். வாணலியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், சுகந்தியின் மணிக்கட்டைப் பார்த்தாள். வடை எங்கே என்று கேட்கவில்லை.

"சுட்டுக்கிட்டீங்களா? பேஸ்ட் வெச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பிறகு துணிப்பையிலிருந்து டப்பர்வேரை எடுத்து மூடியைத் திறந்து மேடைமேல் வைத்தாள். ஆவி அடித்தது. பொன் நிறம், விரல் நீளம், வரிவரியாக. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "காலையில இனியா மெசேஜ் போட்டாங்க்கா, அம்மா சுரோஸ் பண்றாங்கன்னு. முத தடவைக்குக் கொஞ்சம் சிரமம்தான், எனக்கும் வெடிச்சுது. அதேன், எதுக்கும் இருக்கட்டும்னு பண்ணி எடுத்துட்டு வந்தேன். இதையே தட்டுல வெச்சிருங்க. நீங்க பண்ணுனதாவே இருக்கட்டும். பெரியவரு வர்ற நேரம், அத்தைக்கும் சந்தோஷம்."

சுகந்தி அவளைப் பார்த்தாள். ஆட்டோவில் மடியில் வைத்துச் சூடாறாமல் கொண்டுவந்திருக்கிறாள். தன் பேரில் தின்னமாட்டாத கிழவிக்கு இன்னொருத்தி பேரில் ஊட்ட, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு எழுந்து மாவு கிளறியிருக்கிறாள். இதில் கோபம் எங்கே? எங்கே ஒளித்துவைத்திருக்கிறாள்? சுகந்திக்கு அழுதால் நன்றாக இருக்கும் போலிருந்தது, ஆனால் அழுவதற்கு இங்கே தனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது. சொல்லிவிட வேண்டும். இப்போதே, ஆண்பிள்ளைகள் வருவதற்குள், வீட்டில் மூன்று பேர் மட்டும் இருக்கும்போதே. சொல்லிவிட்டால் இந்த ஒரு மாசப் பாரம் இறங்கிவிடும். பியூலாவுக்கு அவளுடையது அவளுக்குக் கிடைத்துவிடும். நாச்சம்மாள் கத்தினால் கத்தட்டும், இந்தத் தடவை பியூலா பக்கம் நிற்பேன், டம்ளரை எடுத்து ஒளித்துக் கழுவமாட்டேன். நினைக்க நினைக்க ஒரு வீறாப்பு ஏறியது. எவர்சில்வர் தட்டை எடுத்துப் பியூலா கொண்டுவந்ததை அடுக்கினாள். தான் பண்ணின தொய்ந்த கட்டைகளை அப்படியே விட்டாள். பியூலா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

நாச்சம்மாள் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பரவால்லையே, பட்டாசு வெடிச்சாலும் அதாட்டவே வந்திருக்குது" என்று ஒன்றை எடுத்து, ஊதி, வாயருகே கொண்டுபோனாள்.

"அத்தை, அது நான் பண்ணுனதில்லீங்க" என்றாள் சுகந்தி. குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "பியூலா பண்ணுனது. அன்னிக்கு இனியா பொறந்த நாளுக்கும் அவதான் பண்ணுனா. நான் பொய் சொல்லிட்டேன்."

நாச்சம்மாளின் கை வாயருகே நின்றது. சுகந்தி காத்திருந்தாள். கத்துவாள், எழுந்து போவாள், அந்த வார்த்தையைச் சொல்வாள். நாச்சம்மாள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. சலிப்பாகத்தான் பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்த காரியத்தைக் கெடுத்தவளைப் பார்க்கிற மாதிரி.

"எனக்குத் தெரியாதா அது?" என்றாள். "அன்னிக்கு அந்தப் புள்ள கொண்டாந்தப்ப ரூமுக்குள்ள இருந்து பாத்துட்டுத்தான இருந்தேன். உனக்கு மைதாவும் வராது, ஒண்ணும் வராது. நீ உன்னுதுன்னு சொன்னே. செரி, புத்தியாச் சொல்றான்னு நானும் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்குக் கூட அதுக்குத்தான் பண்ணுன்னு சொன்னேன், எப்படியும் நீ அவகிட்டத்தான் வாங்கி வெப்பேன்னு." கையில் இருந்ததை ஒருமுறை பார்த்தாள், ஆசையோடுதான் பார்த்தாள். "இப்ப எதுக்கு அம்மிணி வாயத் தொறந்து சொன்னே? சொல்லிப்போட்டா இனி நான் எப்படித் திங்கறது?"

அதைத் தட்டில் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேருக்கு மட்டும் தெரியும் என்று நினைத்து சுகந்தி ஒரு மாசம் செத்துப் பிழைத்தாள், கிழவிக்கு முதல் நாளே தெரியும். ஏமாற்றினேன் என்று கூசிக்கொண்டிருந்தாள், யாரும் ஏமாறவில்லை. கிழவி தின்பதற்கு ஒரு மறைப்பு வேண்டியிருந்தது, மூத்த மருமகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அதற்குத்தான் அத்தனை பாராட்டும். கையே கையாம்! சரி, இருக்கட்டும். இப்போதாவது உண்மையைச் சொல்லியாயிற்று. அந்த ஒரு பிடிமானத்தோடு பின்னால் திரும்பிப் பியூலாவைப் பார்த்தாள். பியூலாவின் கண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும், அக்கா என்று கையைப் பிடிப்பாள் என்று தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது திரும்பின பிறகுதான் சுகந்திக்கே தெரிந்தது.

பியூலாவின் முகத்தில் நாலு வருஷமாக இருந்த சிரிப்பு இல்லை. தண்ணீர் ஜக் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. முட்டை நாற்றம், பல்வலி, வெளித் தண்ணி என்று எத்தனையோ கதைகளின் மறைவில் அவள் இந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள், நம்புகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இனிமேல் நடிக்க இடமில்லை. அவள் கையால் பண்ணினது, அதனால் தின்ன முடியாது. அதை அவள் காதாலேயே கேட்டுவிட்டாள், ஹாலின் நடுவில், நின்றபடியே. கேட்கவைத்தது நாச்சம்மாள் இல்லை.

பியூலா ஜக்கை மேஜையில் வைத்தாள். அடுக்களைக்குப் போய்த் தன் டப்பர்வேரை எடுத்துவந்து, தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக அதில் போட்டு மூடினாள். செருப்பை மாட்டிக்கொள்கிறபோதுதான் பேசினாள், சுகந்திக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க்கா. அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல."